வாயாடி அக்கா எடுத்த முதுகச்சு

எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அவளுக்கு வாயாடி அக்கா என்று பேர். நோயாளி வலியை மறந்து அவள் கதையை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டு இறுகிவிடும். அந்தக் கைராசிதான் அவளை விண்வெளிப் பயிற்சி மையத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

இங்கே வேலை முதுகுக்கு. விண்கலம் திரும்பி வந்து தரையில் மோதும்போது முதுகெலும்பு தப்ப வேண்டுமே, அதற்கு ஆளுக்கு ஆள் அளவெடுத்த இருக்கை. குழைத்த மாவில் ஆளைப் படுக்கவைத்து, இறுகும்வரை அசையவிடாமல் அச்சு எடுக்க வேண்டும்.

கலம் இந்த நாட்டுடையது. போகிறவர்களில் ஒருவன் வேற்று நாட்டுக்காரன். அவனுடைய அச்சு இரண்டு தடவை கெட்டது. சிரித்துச் சிரித்தே குலுங்கிவிட்டான். இன்னொரு தடவை கெட்டால் மாற்று வீரர்தான் போவார் என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், பையன் முகம் செத்துப்போயிற்று.

"கூச்சமா இருக்கும்," என்றாள் அக்கா.

"கூச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் மொழிபெயர்ப்பாளர். "உங்க மாமியார் கதையை நான் மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டு அவர் பாஷையில சொல்றேன் பாருங்க, அதுக்குத்தான் சிரிக்கிறார். இன்னிக்கு ஒரு நாள் வாய மூடுங்க, புண்ணியமாப் போகும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. போனில் சொன்னால் புருஷன் வேறு, "இத்தனை வருஷமா நான் கெஞ்சி நடக்காதது இப்ப நடந்துடுமா?" என்று சிரித்தார்.

துண்டை வாயில் கவ்விக்கொண்டு மாவைக் குழைத்தாள். அவன் படுத்தான். பார்த்தால், மொழிபெயர்ப்பாளர் மீசையில் ஒரு கொத்து மாவு! ஐயோ, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நாக்கு துடியாய்த் துடித்தது. மாவு இறுகியது. அவனே விண்வெளிக்குப் போனான்.

மாதங்கள் கழித்துக் கலம் தரையிறங்கியது. மொழிபெயர்ப்பாளரோடு அவனைப் பார்க்கப் போனவள் கட்டிலோரம் கப்சிப்பென்று நின்றாள். முதுகு தப்பியதா என்று கேட்கவேண்டும். பயத்தில் வாய் வரவில்லை.

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்து, தன் முதுகைத் தானே பட்டென்று தட்டிக் காட்டினான். மேலே இருக்கும்போதே மனப்பாடம் பண்ணியிருப்பான் போல, அவள் மொழியிலேயே சொன்னான்: "அக்கா... இப்ப நீங்க பேசலாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கு இவர் மீசை இருந்த லட்சணம் இருக்கே..." என்று ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.