சுவரில் சேறு இருந்தால்தான் உதவி

வெள்ளம் வடிந்ததும் வீடு வீடாகப் போய், "என்னென்ன நாசமாச்சு, காட்டுங்க" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. மாநில அரசின் வெள்ள நிவாரணத்துக்கு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பும் ஆள் நான். பாரமும் கையுமாக அலையும் சக பாவிகளே, என் கதையைக் கேளுங்கள்.

புதுச் சாயம்

சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டக் குடியிருப்பு. அங்கே சரோஜா அக்கா ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். மூன்றடித் தண்ணீரில் அவருடைய தையல் மெஷின் மூழ்கிவிட்டது. நிவாரணம் வந்தால்தான் வேறு மெஷின், அது வந்தால்தான் தீபாவளிக்கு வேலை.

சுவரில் தண்ணீர் ஏறிய கறையைப் படம் பிடிக்கப் போனேன். வாசலில் கோலம். உள்ளே சுவரெல்லாம் இளமஞ்சள் சாயம், ஈரம்கூடக் காயவில்லை. ஓடாத மெஷினையும் துடைத்து, பூத்துணி விரித்து வைத்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"ஆபீசர் வாராருன்னு சொன்னாங்க. சேத்தோடயா வீட்ட காட்டுறது? மானம் போயிரும் லா!"

நல்ல நாற்காலி

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனிடம், "கெட்டுப்போன சாமான் பக்கத்துல நில்லுங்கண்ணே, படம் எடுக்கணும்" என்றேன். உள்ளே போனவர் அரைமணி நேரம் கழித்து விசேஷத்துக்குப் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டையும் திருநீறுமாக வந்தார். ஊறிப்போன சோபாவைக் காணோம். அந்த இடத்தில் வழவழவென்று ஒரு தேக்கு நாற்காலி.

"கோயில் தலைவர் வீட்டுல இரவல் வாங்குனேன் தம்பி. கவர்மெண்டுக்குப் போற போட்டோ, ஒரு லட்சணமா இருக்க வேணாமா?"

அலமாரிக்குப் பின்னால்

கறை தெரியும் படம் இல்லாமல் அக்காவின் பாரம் நகராது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் போய்ச் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் நானும் முனியாண்டி அண்ணனும் மூச்சு முட்ட இரும்பு அலமாரியை நகர்த்தினோம். பின்னால் இடுப்பளவுக்கு அழகான சேற்றுக்கோடு! கும்பிடாத குறையாகப் படம் எடுத்தேன். பிறகு அக்காவுக்கு மெஷின் வந்தது அந்த ஒரு படத்தால்தான்.

ஆனால் அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், அக்கா வாளியும் ஈரத்துணியுமாகக் கூனிக்குறுகி நிற்கிறார்.

"அங்க மட்டுந்தான் கை எட்டல தம்பி. இப்பவே தொடச்சிடுறேன், பாரத்துல மட்டும் எழுதிராதீங்க!"

அழுக்கைக் கண்டால்தான் அரசாங்கம் நம்பும், உயிரே போனாலும் அக்கா அதைக் காட்டமாட்டார், நடுவில் அலமாரி தள்ளத்தான் எனக்குச் சம்பளம்.