அம்மாவுக்கு நான் கொடுத்த முகம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இந்தப் பெருமையை நான் அடக்கி வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான், குமுளிக்கு மேலே அம்மா வேலை செய்யும் ஏலத்தோட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் முகம் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சூப்பர்வைசர் மாலையில் குரல் செய்தி அனுப்புவார். கேட்டுவிட்டதற்கு அடையாளமாகப் பெண்கள் ஏதாவது போட வேண்டும். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே போன். ஆகவே ஆளுக்கொரு எமோஜி, கைநாட்டு மாதிரி. ஜீப்பில் ஏறியதும் கண்ணயரும் அக்காவுக்குத் தூங்கும் முகம். முகம் கொடுத்த அன்று காலைதான் அம்மா நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தாள். அவளுக்குச் சிவந்த கோப முகம்.

"என்னடி இது, வெயில்ல காஞ்ச மாதிரி?"

"ஒழைக்கிறவங்க மொகம்மா."

அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

புதிதாக ஒரு மலையாளி சூப்பர்வைசர் வந்தார். இந்த ஏற்பாட்டை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஜீப் ஏழு மணிக்கு என்றார், கோப முகம். மழைக்கோட்டை மறக்காதீர்கள் என்றார், கோப முகம். ஒரு நாள் தனக்குப் பெண் குழந்தை பிறந்ததாகப் படம் போட்டார். அம்மா கடமை தவறாமல் அதற்கும் போட்டாள்.

மறுநாள் ஜீப்பில் அம்மாவை ஏற்றவில்லை. "ஒங்க பேரு லிஸ்ட்ல இல்லக்கா. வேற தோட்டம் பாத்துக்கச் சொல்லிட்டாரு" என்றாராம் டிரைவர். தூக்குவாளியோடு திரும்பி வந்து, "நா என்னடி தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அது உழைக்கிறவர்கள் முகமல்ல, கோப முகம் என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு மாசமா நா அந்த மனுசனை மொறச்சுக்கிட்டு இருந்தேனா? பச்சப்புள்ளையையுமா?"

என் காதைப் பிடித்தே தோட்டத்துக்கு இழுத்துப் போனாள்.

சூப்பர்வைசர் நிமிர்ந்ததுமே கேட்டார். "சேச்சிக்கு என்மேல எதுக்கு இத்ர கோபம்?"

நான் படித்த பெண் அல்லவா, விளக்கமாகவே பேசினேன். மஞ்சள் கோப முகம் நோட்டைத் திருப்பித் தராத தோழிக்கு. சிவப்பு, நிஜமாகவே சண்டை என்றால் மட்டும். வாயில் கட்டம் கட்டியது கெட்ட வார்த்தை, பெரியவர்களுக்கு அனுப்பவே கூடாது. அம்மாவுடையதற்கு அந்த அர்த்தம் எதுவுமில்லை சார், வெறும் கையெழுத்து.

அம்மா குறுக்கே வந்தாள். "கோவம்னா நேர்லயே கத்திருவேன் சார். அதுக்குப் படம் எதுக்கு?"

அவர் சிரித்துவிட்டார். பட்டியலில் பெயர் ஏறியது. வேறு முகம் மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு மட்டும் அம்மா மசியவில்லை. "பதினேழு பேர்ல என்னோடதுதான் சார் பளிச்சுனு தெரியுது."

"சரி சேச்சி. என் மோளோட படத்துக்கு மாத்ரம் வேற போடுங்க."

அம்மா வெகுநேரம் தேடி ஒன்றைத் தொட்டு என்னிடம் நீட்டினாள். "இது என்னது?"

"பூம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க சொல்லுங்க சார், பூதானா?"