கேட்கும் தூரம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்த பழைய பண்டகசாலை ஒன்றை ஓர் அறக்கட்டளை வாங்கி, சரக்கு வியாபாரத்துக்கான அருங்காட்சியகமாக மாற்றியது. அங்கே டிக்கெட் கிழிக்கத்தான் இசக்கிசெல்வி வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்துச் சுள்ளிக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நகராட்சி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். செல்வி படித்தது மலையாளப் பள்ளியில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது.

ஒரு நாள் சிவகாசியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அன்றைக்கு இருந்த வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனதில் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு அம்மாள் டிக்கெட் மேஜைக்கே வந்து, "ஏம்மா, அந்தப் பெரிய தராசு எதுக்குன்னு நீயாவது சொல்லேன்" என்று கேட்டாள். செல்வி எழுந்துபோய்ச் சொன்னாள். மிளகில் தண்ணீர் தெளித்து எடை கூட்டியது, அதைக் கையால் அளைந்தே கண்டுபிடித்தவர்கள், படகிலிருந்து மூட்டை இறக்கியவர்கள் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். முடிக்கும்போது பார்த்தால், பக்கத்து அறையில் நின்ற கூட்டமும் அவளைச் சுற்றி நின்றிருந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு பஸ் எது வந்தாலும் செல்வியைத்தான் கூப்பிட்டார்கள்.

அவளுக்குப் பெரிய குரல். தராசு அறையில் நின்று, மூட்டை ஏற்றுகிறவர்கள் போடும் சத்தத்தைப் போட்டுக் காட்டுவாள். "ஏத்திக்கோ" என்று அவள் கூவினால் கூட்டம் "ஆச்சு" என்று திருப்பிக் கூவ வேண்டும். முதல் தடவை வெட்கப்படுவார்கள். இரண்டாவது தடவை சுவர் அதிரும். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்த கிழவர்கள்கூடக் கூவிவிட்டுச் சிரிப்பார்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்து வேலைக்கு வந்தாள் என்றே சொல்லலாம். வீட்டில் யாரும் அவள் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

சில வருஷங்களில் தொண்டை கட்ட ஆரம்பித்தது. மாலையில் வீட்டுக்குப் போய் வாய் திறந்தால் குரலுக்குப் பதில் காற்றுதான் வரும். இடுப்பில் கட்டுகிற சின்ன ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். அந்தச் செம்புரைக்கல் சுவர்களுக்குள் அது இரைந்து, இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் யார் சொல்வதும் யாருக்கும் விளங்காமல் போயிற்று. எர்ணாகுளத்துத் தொண்டை டாக்டர், குரல்நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது என்றார். சத்தமாகப் பேசக் கூடாது. அதற்காகக் கிசுகிசுவென்றும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். நடுவாக, அளவாகப் பேச வேண்டும். செல்விக்கு அந்த நடு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஒலிபெருக்கி வேண்டாம் என்று அறக்கட்டளை உத்தரவு போட்டது அப்போதுதான். இனி வழிகாட்டி ஒரு மைக்கில் பேச, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். மேலாளர் ஜிதின் அவளைக் கூப்பிட்டார்.

"சேச்சி, ரெண்டு கம்பெனிக்காரங்க சாம்பிள் கொண்டுவராங்க. நீங்க தன்னே பாத்து சொல்லு. உபயோகிக்கறது நீங்கதானே."

அந்த வாரம் செல்வி ஒரு சின்னப் பெண்ணைப் போல இருந்தாள். களமசேரியிலிருந்து வந்த விற்பனைக்காரர் இரண்டு வகைப் பெட்டிகளைத் திறந்துவைத்தார். காதுக்குள் செருகுகிற வகையை அவள் உடனே ஒதுக்கினாள். ஒருத்தர் காதிலிருந்து எடுத்ததை இன்னொருத்தர் காதில் வைக்க யாருக்கு மனசு வரும். காதுக்கு வெளியே கொக்கி போல மாட்டுவதுதான் சரி. கண்ணாடி போட்டவர்களுக்கும், தலையில் துணி சுற்றியவர்களுக்கும், கனத்த கம்மல் போட்டவர்களுக்கும் அது இடைஞ்சல் இல்லாமல் நிற்கிறதா என்று அலுவலகத்தில் இருந்த எல்லோர் காதிலும் மாட்டிப் பார்த்தாள். சட்டையில் குத்துகிற மைக் வேண்டாம், சேலை உரசினால் கரகரக்கும் என்று சொல்லிவிட்டு, கன்னத்தை ஒட்டி நிற்கிற மைக்கை எடுத்தாள். அதில் சோற்றுக்கு உப்புக் கேட்கிற குரலில் பேசினாலே போதுமாயிருந்தது.

மிச்சம் இருந்தது தூரம்தான். ஒரு கருவி இலேசானது. ஆனால் நடுவில் ஒரு சுவர் வந்தால் சத்தம் அறுந்தது. இன்னொன்று கொஞ்சம் கனம், ஆனால் எட்டும் தூரம் அதிகம். பெருக்கித் துடைக்கும் கமலாக்ஷியின் காதில் அதை மாட்டி அனுப்பிவிட்டு, செல்வி தராசு அறையில் நின்று பேசினாள். கமலாக்ஷி மிளகு அறைக்குப் போனாள், சுக்குக் காயப்போட்ட முற்றத்துக்குப் போனாள், பின்பக்கம் காயலை ஒட்டிய படகுத்துறை வரைக்கும் போனாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"செல்வீ, போட் ஜெட்டி வரைக்கும் நீ என் கூடத்தன்னே வந்தாய். பக்கத்துல ஆளு நிக்கற மாதிரி உண்டு."

செல்விக்கு உடனே ஞாபகம் வந்தது, முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிற வயசாளிகள். மூட்டுவலி என்று பாதியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை ஒன்றும் கேட்காமல் காத்திருப்பார்கள். இனி அவர்களுக்கும் கேட்கும். அதிக தூரம் எட்டுகிற கருவியே போதும் என்று ஜிதினிடம் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் அதையே வாங்கினார்.

ஆரம்பத்தில் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது தொண்டையில் குரல் மிச்சம் இருந்தது. தோப்பும்படியில் படகு இஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் அவள் புருஷன் வீரபாண்டிகூட, "மெஷின் நல்ல மெஷின்தாம்ட்டி" என்றான்.

பிறகு கூட்டம் கரைய ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு பேர்தான். காதில் கேட்கிறதே என்று படம் எடுக்க நகர்ந்தார்கள். அப்புறம் அது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அவள் தராசைப் பற்றிச் சொல்லும்போது பாதிப் பேர் மாடியில் மூட்டை தூக்குகிற கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் படகுத்துறையில் காற்று வாங்கிக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். அவள் எதிரே ஒருவர் அல்லது இருவர் நிற்பார்கள், அவர்களும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கேள்வி கேட்பது நின்றது. சிரிக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு அறையில் சிரித்திருக்கலாம்.

மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டத்திடம் அவள் பழைய ஞாபகத்தில் "ஏத்திக்கோ" என்று கூவிவிட்டாள். மைக் கன்னத்தில் இருப்பதை மறந்துபோனாள். எதிரே நின்றவர் கருவியைப் பிடுங்கி எடுத்துக் காதைத் தேய்த்துக்கொண்டார். முற்றத்து பெஞ்சிலிருந்து ஒரு பாட்டியின் அலறல் கேட்டது. யாரும் "ஆச்சு" என்று சொல்லவில்லை.

"ஏம்மா, காது போயிரும் போலருக்கே" என்றார் அந்த மனிதர். கோபமாகக்கூட அல்ல.

அதற்குப் பிறகு அவள் அதைச் செய்யவில்லை. மூட்டை ஏற்றுகிறவர்கள் ஒரு சத்தம் போடுவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஒரு மத்தியானம் ஜிதினின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், அந்த மத்த மெஷினை மாத்தித் தருவாங்களா? தூரம் கொறஞ்சது."

"எந்தினா சேச்சி? அது சுவர் தாண்டாதுன்னு நீங்கதானே பறஞ்சது?"

"தாண்ட வேண்டாம் சார். பக்கத்துல நின்னாத்தான் கேக்கணும்."

ஜிதின் கெட்ட மனிதரல்ல. "வந்தவங்களுக்கு இது இஷ்டமாயிருக்கு சேச்சி. நெரிசல் இல்ல, சுதந்திரமா நடக்கறோம்னு எல்லாரும் எழுதறாங்க. நான் மேல என்ன பறயட்டும்?"

அவர் சொன்னது உண்மைதான். தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

தொண்டை மறுபடியும் கெட்டது. எதிரே முகம் இல்லாததால், போய்ச் சேர்கிறதோ இல்லையோ என்று அவளையறியாமல் அழுத்திப் பேசியிருக்கிறாள். கூட்டத்துக்கு முன்னால் கத்தியதைவிட இது தொண்டையை அதிகம் அறுத்தது. டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். செய்தார்கள். பல நாட்கள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டில் கிடந்தாள். வாய் திறந்த அன்று வந்தது வேறு யாருடையதோ குரல். மெல்லியது, பேசும்போதே நடுவில் உடைகிறது, உடைந்த இடத்தில் காற்று மட்டும் போகிறது.

மைக் இருக்கிறதே என்று வேலைக்குத் திரும்பினாள். ஆனால் அந்த மைக் நல்ல மைக். உடைசலை உடைசலாகவே கொண்டுபோய்க் காதில் வைத்தது. வந்தவர்கள் கருவியைத் தட்டிப் பார்த்தார்கள், பழுது என்று நினைத்து மேஜைக்கு வந்து வேறு கேட்டார்கள். ஒரு கூட்டம் பாதியில் எல்லாக் கருவியையும் கழற்றிவிட்டது. மனசு நோகாதபடி, தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அறக்கட்டளை அம்மு என்கிற பெண்ணை எடுத்தது. எர்ணாகுளத்தில் படித்தவள், தமிழும் வரும், தணிந்த குரல். மைக்கில் பேசவே பிறந்தவள் போலிருந்தாள். செல்வி அவளுக்குத் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். அம்மு மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் செல்வி சொன்னதில் பாதி, சொல்கிற விதத்தில்தான் இருந்தது. அதை எழுதித் தர முடியவில்லை.

செல்வியின் வேலை இப்போது மேஜையில். கருவிகளைச் சார்ஜில் போடுவது, கொக்கிகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, வருகிறவர்கள் காதில் மாட்டிவிடுவது. பேசத் தேவையில்லாத வேலை. கமலாக்ஷி சில நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்போ தொண்டைக்குக் கொஞ்சம் சுகமுண்டோ?" என்று கேட்பாள். செல்வி கையை மட்டும் அசைப்பாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு நாள், கடைசியாகக் காட்டிவிட்டு வரலாம் என்று வீரபாண்டி பட்டறைக்கு லீவு போட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். ஆறிய இடம் தழும்பாகி இறுகிவிட்டது, குரல் இனி இதற்குமேல் வராது என்றும் சொன்னார்.

"அப்போ பயிற்சி எதாச்சும்…" என்றான் வீரபாண்டி.

செய்யலாம், செய்வதால் கெடுதல் இல்லை என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். முன்பெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வருவாள், அவன் உம் கொட்டுவான். இப்போது அவன்தான் பேசினான். பட்டறைக்கு வந்த ஒரு பழைய இஞ்சினைப் பற்றிச் சொன்னான். மீன் விலையைப் பற்றிச் சொன்னான். "பசிக்கா? வீட்டுக்குப் போயி கஞ்சி போதும்லா?" என்று கேட்டான். தலையாட்டினால் போதுமான கேள்வியாகப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் கேட்கிறான் என்பது செல்விக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எத்தனை நாளாக இப்படிக் கேட்கிறான் என்று தெரியவில்லை.

பஸ் பாலத்தில் ஏறியபோது அவள் அவன் பக்கம் திரும்பி, ராத்திரி எல்லாம் யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னாள். அந்த வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். இஞ்சின் இரைச்சலும் மழையும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போயின. வீரபாண்டி அவள் உதட்டைப் பார்த்தான். கேட்டதுபோலத் தலையை ஆட்டினான். "சரிட்டி, பாத்துக்கிடலாம்" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தான்.

அவள் இன்னொரு தடவை சொல்லவில்லை. தோப்பும்படி நிறுத்தம் வந்ததும் அவன் எழுந்து வழி விட்டான். அவள் குடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள். மறுநாள் காலையில் வழக்கம்போல மட்டாஞ்சேரிக்கு வேலைக்குப் போனாள்.