மூக்கோரம் குத்திய குளவி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆவணி மாதம். தன் மகளின் கல்யாணத்துக்காக என் அக்கா கனடாவிலிருந்து சண்டிலிப்பாய்க்கு வந்திருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனால் பார்க்க வந்த சனம் என்னைத்தான், "நீங்களோ மூத்தவ?" என்று கேட்டது. ஒருவரல்ல, மூன்று பேர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஓடும் கோடுகளை ஊசியால் நிரப்பலாம் என்று முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கணவருக்கும் சொல்லாமல் நெல்லியடிக்கு பஸ் ஏறினேன். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது, அது போதும் என்று நினைத்தேன். மணப்பெண் அலங்காரம் செய்யும் கடையொன்றின் மேல்மாடி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தியை எல்லோரும் 'டொக்டர்' என்றார்கள். கொழும்புத்துறையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, இரண்டு கதை கதைத்துத்தான் வாங்குவேன். அன்றைக்கு வாயே திறக்காமல் கதிரையில் சாய்ந்தேன்.

ஒரு பக்கம் ஊசி போட்டபோது வலியொன்றும் இல்லை. மற்றப் பக்கம் ஊசி இறங்கியதும் உயிர் போகிற வலி. மூக்கோரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. "ஐஸ் வையுங்கோ, ரண்டு நாளிலை சரி வரும்" என்று அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே வந்தேன். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால், வெளுத்த இடத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் வலைபோலப் படர்ந்திருந்தது.

கணவர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உள்ளே போனால், தாதியாக நின்றது எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கிற, என்னிடம் படித்த பிள்ளை! "ஐயோ, என்ன ரீச்சர் நடந்தது?"

"குளவி குத்திப்போட்டுது." எப்படித்தான் வந்ததோ அந்தப் பொய்.

குளவி குத்தியதற்கான மருந்து போட்டார்கள். வலி குறையவில்லை. ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. உண்மையைச் சொன்னால் கல்யாண வீடு முழுக்கச் சிரிக்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் கண்ணுக்குப் பக்கத்திலும் வலி தொடங்கியது.

இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து என் கன்னத்தை அழுத்தி, கையை எடுத்துப் பார்த்தார். நிறம் திரும்பி வரவில்லை. பிறகு குனிந்து மெல்லக் கேட்டார்: "அம்மா, குளவி மூக்குக்கு ரண்டு பக்கமும் அளந்து வைச்ச மாதிரிக் குத்துமோ?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ன மருந்து போட்டவை?"

தெரியாது. பெட்டியைக்கூட நான் பார்க்கவில்லை. கணவர் அந்தக் கடைக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார், அது நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே போட்டது இரத்தக்குழாயை அடைத்துவிட்டது, கண்ணுக்குப் போகிற குழாயும் அடைபட்டால் பார்வை போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். மூத்த மருத்துவரை அழைத்து, கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். போட்டது கரையக்கூடிய சரக்காக இருந்தால்தான் தப்பலாம். கணவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. விரலை நீட்டி நீட்டி, "இஞ்சரப்பா, இது எத்தினை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பொழுதுபடும் நேரம் கன்னத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது.

கண் தப்பியது. மூக்கோரம் ஒரு குழித்தழும்பு நின்றுவிட்டது. அந்தத் தாதிப் பிள்ளை இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஊர் இன்னமும் குளவியைத்தான் நம்புகிறது.

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துப் புது ரீச்சர், தானும் அப்படியொரு ஊசி போடப் போவதாகச் சொன்னா. என் தழும்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "போடுறது மெடிக்கல் கவுன்சிலிலை பதிஞ்ச டொக்டரோ எண்டு முதல் விசாரியும். மருந்துப் பெட்டியைப் பிரிக்க முன்னம் வாங்கிப் பாரும். பிழைச்சால் என்ன செய்வியள் எண்டு கேளும். பதில் வராட்டி எழும்பி வாரும்" என்றேன். அவவின் முகம் வெளிறிப்போனது.

யாரோ ஒருத்தியின் ஊசி என் முகத்தைக் கெடுத்தது உண்மைதான், ஆனால் வெட்கத்தில் நானே பறக்கவிட்ட அந்தக் குளவி என் கண்ணையே கொண்டுபோகப் பார்த்ததே என்று நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று விரல்களை எண்ணிப் பார்க்கிறேன்.