முழங்காலுக்குக் கீழே

சயாம் எல்லையை ஒட்டிய பாசிர் மாஸ் பக்கம் மணமக்கள் அலங்காரம் என்றால் மெக் செனாவைத்தான் கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அலங்கார அறையில் பார்த்ததை வெளியே சொல்லமாட்டாள், அதற்காகவே நம்பினார்கள். அவள் புருஷனுக்கு எல்லைக்கு அந்தப்பக்கம், சயாமில், இன்னொரு குடும்பம் இருந்தது. அவன் செத்த வீட்டில்தான் அவளுக்கே தெரிந்தது. முன்னமே தெரிந்தும் மூடி மறைத்தவர்களை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

ரொஹானாவின் நிக்காஹுக்கு இமாம் வந்து உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை ஹருன் எல்லையில் ரப்பர் வியாபாரம் செய்பவன். பக்கத்து வீட்டு அறையில், கால்சட்டைக்கு மேல் சுற்றும் ஜரிகைத் துணியைத் தானே கட்டிக்கொண்டு நின்றான். துணி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அது கல்யாணமானவன் கட்டு. ஆகாதவன் முழங்காலுக்கு மேலேதான் கட்டுவான்.

"என்ன தம்பி, அதுக்குள்ள புருஷனாயிட்டியா?" என்று சிரித்தபடி மெக் செனா அவிழ்த்து ஏற்றிக் கட்டினாள். அவனும் சிரித்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தவனின் கை, தானாகவே துணியைக் கீழே இழுத்துவிட்டது.

அது பழகிய கை என்று அவளுக்குப் பட்டது. சந்தேகம் பொய்யானால் ஒரு குடும்பத்தின் மானம் போகும், தன் பிழைப்பும் போகும். வாயை மூடிக்கொண்டால் ரொஹானாவும் ஒருநாள் பிணத்தருகே நின்றுதான் தெரிந்துகொள்வாள்.

"மூத்தது பையனா, பொண்ணா?" சட்டைக்குப் பொத்தான் மாட்டியபடியே கேட்டாள்.

"பொண்ணு..." என்றவன் முகம் வெளுத்துப்போனது. "மெக், உங்க காலைப் பிடிக்கிறேன். எம் பொண்டாட்டி சயாம்ல இருக்கா. இங்க யாருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

"அறையில பாத்ததை நீங்க வெளிய சொல்லமாட்டீங்கன்னாங்களே."

"சொல்லமாட்டேன். நீ சொல்லப்போற. துணியை எப்பவும் கட்டுற மாதிரியே கட்டிக்கிட்டு நட. இல்லன்னா இந்த ஒரு தடவை நான் வாயைத் திறப்பேன்."

அவள் பின்னாலேயே வர, அவன் கூடத்துக்குள் நுழைந்தான். ரொஹானாவின் அப்பா கையை நீட்டியபடி எழுந்தார். அவர் பார்வை முழங்காலுக்கு இறங்கியது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"யாருடா அவ?" என்றார்.

மெக் செனா திரைக்குப் பின்னால் போனாள். ரொஹானா தன் கொண்டையில் செருகியிருந்த பொன் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மெக் செனாவின் கையில் வைத்தாள். மெக் செனாவுக்கு அழுகை வந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவளுக்கு ஊசியை உருவ யாரும் நேரம் கொடுக்கவில்லை.