குழாய்க்கு ஒரு பச்சை வயர்

எங்க தொழில்ல, லைட் எரியலைன்னா உடனே கூப்பிடுவாங்க. ஷாக் அடிச்சா பழகிக்குவாங்க. வயரிங் வேலைக்காரருக்கு வாக்கப்பட்டவங்களுக்கு இது புரியும். வீட்டுக்காரரோட கூடமாடப் போயி நானும் வேலை கத்துக்கிட்டவ. அகரத்துல ஒரே வீட்டுல பட்ட பாடு இது.

செருப்புக் குளியல்

தொட்டிலுக்கு மேல ஃபேன் மாட்டத்தான் ஜெசிந்தா அக்கா கூப்பிட்டாங்க. மக தலைப்பிரசவம் முடிஞ்சு, பிள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்து வரப்போறா. கை கழுவப் போனா, பாத்ரூம் வாசல்ல ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் இரும்புக் குழாயைத் திறக்கணுமாம். குழாய்ல டெஸ்டரை வச்சேன், அதுக்குள்ள இருக்கிற லைட் எரிஞ்சது, கரண்டு இருக்கு. பச்சப்பிள்ளையை அங்கதான் குளிப்பாட்டணும். அக்கா சாதாரணமாச் சொன்னாங்க: "பெருசா ஒண்ணும் இல்லம்மா, ஈரக்கையோட தொட்டா மட்டும் செத்த சுர்ருங்கும்."

துணிக்கொடி

கரண்டு கசிஞ்சது தண்ணி ஹீட்டர்ல. எர்த் வயர் ஒழுங்கா இருந்தா அது மண்ணுக்குப் போயிரும், ஃபியூஸும் போயி நமக்குத் தெரிஞ்சிரும். அந்த வயரைத் தேடினேன். எர்த் குழிக்கிட்ட வெட்டின துண்டு மட்டும் நீட்டிக்கிட்டு நின்னது. மிச்சம் கொல்லையில, வேப்பமரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவுல அக்காவோட சேலைகளைச் சுமந்துக்கிட்டிருந்தது. அக்கா கேட்டாங்க: "எந்த லைட்டும் எரியாத வயரு, சும்மாதானே கெடந்துச்சு?"

சுவர் கலர்

மெயினை நிறுத்திட்டு எங்க வீட்டுக்காரர் ஹீட்டர் காயிலை மாத்தினார். நான் குழாயில பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சுன்னு தெரிஞ்சதும் கிளாம்ப் மாட்டி, எர்த்துக்குப் புது வயர் இழுத்தேன். பெயிண்டு மேலேயே மாட்டினா கரண்டு போகாது, கட்டினதும் கட்டாததும் ஒண்ணுதான்.

அக்கா வீட்டுக்காரர் ரிட்டையர்டு வாத்தியார். ரோஸ் சுவரையும் பச்சை வயரையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சையா இருந்தாத்தான் பின்னால வர்ற வயர்மேனுக்கு இது எர்த்துன்னு தெரியும்னேன். "அது சரி தாயி, வயர்மேன் கண்ணுல படணும், சம்பந்தி கண்ணுல படக்கூடாது, அதுக்கு ஒரு வழி சொல்லு."

முதல் குளியல்

மக வந்த மறுநாள் காலையில எனக்கு அடுப்படியில வேலை ஓடல. டெஸ்டர் எரியலைன்னு ரெண்டு பேரும் பார்த்துட்டுத்தான் வந்தோம், இருந்தாலும் பச்சப்பிள்ளையாச்சே. போன் போட்டேன். குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பிள்ளை தூங்கியும் போச்சாம். குழாய் எப்படிக்கா இருக்குன்னு கேட்டேன். "என்னத்தம்மா சொல்ல, வெறும் தண்ணிதான் வருது."

ஒண்ணுமே நடக்காம இருக்கிறதுக்குன்னு ஆள் கூப்பிட்டுச் செய்யச் சொல்ற வேலை, ஊர்ல இது ஒண்ணாத்தான் இருக்கும்.