கையெழுத்துப் போட மறுத்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மைசூரில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் சோதனைப் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார். ஒல்லியானவர். கணக்குப் போட்ட தாளை உடனே கிழித்துவிடுவார்.

ஒரு மருத்துவமனைக்காக, மணமாகாத தாய்மார்கள் தத்துக்கொடுத்த குழந்தைகளின் விவரங்களைத் தாயின் பெயரோடு சங்கேதமாக்கி பெங்களூருக்கு அனுப்பும் மென்பொருளை முடித்திருந்தோம். ஒப்புதல் படிவத்தில் அவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

“நோடி சார், இங்க பாருங்க, குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வரும். இந்தப் பூட்டு அதுக்குத் தாங்காது. இப்பவே வழியில காப்பி எடுத்து வச்சவன் அன்னிக்குத் திறந்து படிப்பான்.”

“அதுக்கு முப்பது வருஷம் ஆகும், மேடம்” என்று சிரித்தேன்.

“அந்த அம்மாக்கள் அப்பவும் உயிரோட இருப்பாங்களே சார்?”

மறுவாரம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் இடத்தில் கையெழுத்தை நான் போட்டேன். அவர் எங்கே போனார் என்று விசாரிக்கவில்லை.

அந்த முப்பது வருஷம் முடியப்போகிறது. அந்தத் தாய்மார்களில் சிலர் இப்போது பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள்.